முப்பத்தாறாவது பதிவு

அத்தியாயம் 11

லென்ஸ் தேய்க்கும் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே வரிசையாக இரும்புப் பெட்டிகள் இருக்கும். போனை அதில் வைத்துப் பூட்டிவிட்டு, மேலங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஐந்து வருடமாகக் கண்ணாடிக்காரன் அந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை. அதனால்தான் எட்டு மாதம் முன்பு ஒரு பிற்பகலில் அவன் மனைவி ஏழு முறை கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை.

இப்போது மீறுகிறான். தன் போனைப் பெட்டியில் வைக்கிறான். அவள் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போகிறான். யாரும் சோதிப்பதில்லை. பெண்டாட்டி செத்தவனின் பையை யார் தடவிப் பார்ப்பார்கள்?

அன்று காலை பத்தேகால் மணிக்கு அந்தப் போன் அதிர்ந்தது.

கையிலிருந்த லென்ஸைத் தட்டில் வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தான்.

'உங்கள் கணக்கில் புதிய போன் ஒன்றிலிருந்து உள்நுழைந்திருக்கிறார்கள். இது நீங்கள்தானா?'

செத்தவளைப் பார்த்துக் கேட்டது அது. 'ஆம்', 'நான் இல்லை' என்று கீழே இரண்டு பொத்தான்கள்.

அவன் முதலில் திறந்தது பதிவுகளின் பெட்டியை. முப்பத்தாறு இருக்க வேண்டும். முப்பத்தைந்துதான் இருந்தது. கடைசியில் இருந்ததைக் காணோம்.

அவள் திரைச்சீலை தைப்பவள். ஜன்னல் அளவுகளைப் போனில் கேட்டு எழுதிக்கொள்வாள். ஒருமுறை அளவு பிசகி, ஒரு வீட்டுக்குப் பதினொரு திரைச்சீலையும் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டன. அன்றிலிருந்து பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகிக் கணக்கில் சேரும்படி வைத்துக்கொண்டாள். நோட்டில் ஏற்றியதும் அழித்துவிடுவாள். அழிக்காமல் விட்டுப்போனவை முப்பத்தாறு.

ஞாயிறுக்கு ஒன்றாக அவன் கேட்டு வந்தான். 'நாலடி எட்டு. சரி. உயரம் சொல்லுங்க. ஆறடி மூணு. கம்பியிலிருந்தா, சுவரிலிருந்தா?' யாரோ ஒருத்தருடைய ஜன்னலைப் பற்றிய பேச்சுதான். அவனுக்கு அது போதும்.

முப்பத்தைந்து ஞாயிறுகள் முடிந்துவிட்டன. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அவள் போன நாளில் பதிவானது. பிற்பகல் மூன்று எட்டுக்கு. இரண்டு நிமிடம் பதினாலு வினாடி. அவனுக்கு அவளுடைய முதல் அழைப்பு வந்தது மூன்று இருபதுக்கு. அதற்கும் முன்னால் அவள் யாரோடோ பேசியிருக்கிறாள். யாரோடு, எந்த மாதிரிக் குரலில் என்று தெரிந்துகொள்ளப் பயந்து, அழைப்புப் பட்டியலைக்கூடப் பார்க்காமல், அதைக் கடைசிக்கு வைத்திருந்தான்.

இப்போது அது இல்லை. மீதியையும் அழித்துவிடுவார்கள் என்ற பதற்றத்தில் 'நான் இல்லை' என்பதை அழுத்தினான். திரை வெளுத்தது.

'உங்கள் பாதுகாப்புக்காகக் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. 47 என்று முடியும் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பவா?'

"என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

பக்கத்து மேஜையில் பிரேம் பூட்டுகிறவர். வாயில் திருகாணி வைத்துக்கொண்டே பேசும் மனிதர். கண்ணாடிக்காரன் போனைக் காட்டினான். நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னான்.

பிரேம்காரர் திருகாணியைத் துப்பிவிட்டு வாசித்தார். "ஜன்னல் அளவைத் திருடிட்டுப் போய் என்ன பண்ணப் போறான்? போட்டிக் கடை போடப் போறானா?"

அவன் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"பாஸ்வேர்டை எத்தனை தடவை தப்பாப் போட்டுப் பார்த்திருக்கான்?"

"தப்பாவே போடலை. முதல் தடவையே திறந்திருக்கு."

"அப்ப திருடன் இல்ல தம்பி. வீட்டு ஆளு."

கண்ணாடிக்காரன் 47 என்று முடியும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். யாருடையது என்று அவனுக்குத் தெரியும்.

"என் பொண்ணுக்கும் ஒருக்க இப்படித்தான் ஆச்சு," என்றார் பிரேம்காரர். "அழிச்சது உடனே போயிடாது. குப்பைத்தொட்டியில முப்பது நாள் கிடக்கும். ஆனா அந்த நம்பர் யார் கையில இருக்கோ, அவங்க முந்திக்கிட்டா குப்பையையும் கூட்டிப் பெருக்கிடுவாங்க. இங்க நின்னு என்ன பண்றே? ஓடு. வயித்துவலின்னு நான் சொல்லிக்கறேன்."

அவன் மேலங்கியைக் கழற்றினான்.

*

பஸ்ஸில் நின்றுகொண்டே போனான். உட்கார இடம் இருந்தது.

47 என்று முடிவது மாமனாரின் பூட்டுக்கடை எண். அவள் படிக்கும் காலத்தில் கணக்கு தொடங்கியபோது கொடுத்தது. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வீட்டின் வழக்கம் அப்படி. பெண்கள் இரண்டும் சின்னதாக இருக்கும்போதே அவர்களுடைய அம்மா இறந்துவிட்டாள். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் சாவி மாறிப்போய் வெளியே நிற்கக் கூடாதென்று, பூட்டுக்காரர் வீட்டிலுள்ள எல்லாப் பூட்டையும் பிரித்து ஒரே சாவிக்குத் திறக்கும்படி செய்தார். வாசல், பின்கதவு, அலமாரி, சைக்கிள் வரைக்கும் ஒரே சாவிதான். ஆளுக்கு ஒன்று. பிற்பாடு கணினி வந்தது, போன் வந்தது. அவற்றுக்கும் வீடு முழுக்க ஒரே கடவுச்சொல். யாராவது புதிதாக ஒன்று தொடங்கினால் அவர் கல்லா நோட்டின் பின் அட்டையில் குறித்துக்கொள்வார்.

அந்தக் கடவுச்சொல் உலகத்தில் நாலு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி இப்போது இல்லை. ஒருத்தன் இவன். மிச்சம் மாமனாரும் மச்சினியும்.

போன வாரம்தான் அந்தக் கடை வாசலில் சண்டை நடந்தது. மாமனாருக்குக் கண் மங்கிக்கொண்டு வருவதைக் கேள்விப்பட்டு, பவர் பார்த்துப் புதுக் கண்ணாடி செய்து எடுத்துக்கொண்டு போயிருந்தான். அவர் பெட்டியைத் திறக்கவில்லை. டிராயரில் தள்ளிவிட்டு, "ஏழு தடவை கூப்பிட்டா மாப்பிள்ளை. ஏழு தடவை," என்றார். எட்டு மாதமாகச் சொல்வதுதான். அன்று அவனுக்குப் பொறுக்கவில்லை. "அன்னிக்கு அவ யார்கிட்டயோ பேசின பதிவு ஒண்ணு இருக்கு. வர ஞாயிற்றுக்கிழமை கேக்கப் போறேன். கேட்டுட்டு வந்து பேசறேன்," என்று கத்திவிட்டு வந்தான்.

கத்தியிருக்கக் கூடாது. இப்போது புரிந்தது.

*

பூட்டுக்காரர் மெஷினில் வெட்டிய ஒரு சாவியின் பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். கீறல் விழுந்த பழைய கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது. சாவியைக் கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுபோய்ப் பார்த்தார், விலக்கிப் பார்த்தார், கடைசியில் விரலால் தடவிப் பார்த்தார்.

கல்லாவில் மச்சினி, சின்னவள். கடை போன் அவள் மடியில்.

"வாங்க மாப்பிள்ளை. உக்காருங்க."

மரியாதையில் குறை வைக்க மாட்டார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"உக்கார வரலை மாமா. கடை போனை ஒரு நிமிஷம் கொடுங்க. ஒரு நம்பர் வரும்."

"எதுக்கு?"

"அவ கணக்குல யாரோ நுழைஞ்சிருக்காங்க. நான் பூட்டிட்டேன். திறக்கணும்னா அந்த நம்பர் வேணும்."

அரம் நின்றது. "என்னத்தை எடுத்தாங்க?"

"அன்னிக்குப் பதிவானதை."

பூட்டுக்காரர் சாவியை மேஜைமேல் வைத்தார். சின்னவள் நிமிரவில்லை.

"அப்படி ஒண்ணு நிஜமாவே இருந்துச்சா?" என்றார் அவர். "போன வாரம் இருக்குன்னீங்க. இந்த வாரம் காணோம்கிறீங்க. உங்களுக்கு ரொம்ப வசதியாத்தான் போச்சு."

கண்ணாடிக்காரன் கையை நீட்டினான். "போனைக் கொடுங்க மாமா. இருந்துச்சா இல்லையான்னு பார்த்துடலாம்."

"அது அவகிட்டயே இருக்கட்டும். எங்க போன் உங்க கைக்கு வேண்டாம். நீங்க போன் எடுக்கிற லட்சணம்தான் தெரியுமே."

தெருவில் ஒரு லாரி போனது. கடையில் தொங்கிய பூட்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன.

"நானே படிக்கிறேன் அத்தான்," என்றாள் சின்னவள். "அனுப்பச் சொல்லுங்க."

அவன் அழுத்தினான். அவள் மடியில் போன் கிணுகிணுத்தது.

"நாலு, ஒண்ணு, எட்டு, எட்டு, ரெண்டு, அஞ்சு."

போட்டான். தவறான குறியீடு. இன்னும் இரண்டு வாய்ப்புகள்.

"இன்னொரு தடவை படி."

"நாலு, ஒண்ணு, எட்டு..." கொஞ்சம் தயங்கினாள். "எட்டு, அஞ்சு, ரெண்டு."

"முன்னாடி ரெண்டு, அஞ்சுன்னே."

"சரியாப் பார்க்கலை அத்தான். இப்பதான் சரி."

போட்டான். தவறு. கீழே சிவப்பில் புதிதாக ஒரு வரி வந்தது. 'இன்னும் ஒரு வாய்ப்பு. அதன் பிறகு இந்தக் கணக்கை முப்பது நாட்களுக்குத் திறக்க இயலாது.'

முப்பது நாள். குப்பைத்தொட்டிக்கும் அதே முப்பது நாள்தான். இந்த முறையும் தவறிவிட்டால், கதவு திறக்கும்போது உள்ளே எதுவும் இருக்காது. பிறகு அவள் யாரிடம் பேசினாள் என்பது ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. ஏழு தடவை மட்டும் ஆயுசுக்கும் இருக்கும்.

அவன் சின்னவளைப் பார்த்தான். அவள் போனைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

"மாமா, நீங்க படிங்க."

"அவதான் படிக்கிறாளே."

"ஒரே ஒரு தடவைதான் பாக்கி. என்னைத்தான் நம்பலை. என் கையில கொடுக்க வேண்டாம். உங்க கண்ணால நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

அதில் மறுக்க ஒன்றுமில்லை. பூட்டுக்காரர் கையை நீட்டினார். மகள் கொடுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார். கிட்டே பிடித்தார். கை நீளும் மட்டும் எட்டப் பிடித்தார். உதடுகள் அசைந்தன.

"எல்லாம் எறும்பு மாதிரி ஊருது," என்றார் எரிச்சலாக.

"டிராயர்ல இருக்கு மாமா. போன வாரம் கொடுத்தது."

"கொடுங்கப்பா, நான்தான்..." என்று சின்னவள் எழுந்தாள்.

"உக்காரும்மா."

அந்தக் குரலில் அவள் உட்கார்ந்தாள். பூட்டுக்காரர் டிராயரைப் பார்த்தார். பிறகு இழுத்து, பெட்டியைத் திறந்து, கண்ணாடியை எடுத்து மாட்டினார். அது அவர் காதில் பிசகில்லாமல் உட்கார்ந்தது. அளவில் கண்ணாடிக்காரன் தவற மாட்டான்.

அவர் முதலில் பார்த்தது போனை இல்லை. தன் விரல் ரேகைகளில் அப்பியிருந்த பித்தளைத் தூளைப் பார்த்தார். கல்லாவின் ஓரத்தில் பிளந்திருந்த மரத்தைப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார். அங்கே கொஞ்சம் கூடுதலாகவே நின்றது பார்வை. அப்புறம் போனுக்கு வந்தார்.

"நாலு. ஒண்ணு. எட்டு. மூணு. ரெண்டு. அஞ்சு."

கண்ணாடிக்காரன் ஒவ்வொன்றாகப் போட்டான். கதவு திறந்தது.

"மூணுன்னு கொட்டை எழுத்துல இருக்கு," என்றார் பூட்டுக்காரர் மெதுவாக. "நீ ஏம்மா ரெண்டு தடவையும் எட்டுன்னே?"

சின்னவள் தன் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

புதிய கடவுச்சொல் கேட்டது. கண்ணாடிக்காரன் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போட்டான். மீட்பு எண்ணை மாற்றி, தன் எண்ணைக் கொடுத்தான். 'மற்ற எல்லாப் போன்களிலிருந்தும் வெளியேற்றவா?' என்று கேட்டது. ஆம்.

சின்னவளின் கைப்பைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சின்ன மணிச்சத்தம். மூன்று பேருக்கும் கேட்டது.

யாரும் அந்தப் பையைத் திறக்கச் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

பூட்டுக்காரர் மகளிடம் பேசாமல் இவன் பக்கம் திரும்பினார். வேறு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவருக்கு. கல்லா நோட்டை எடுத்து, பின் அட்டையைத் திருப்பி, காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"புதுசு என்ன போட்டீங்க? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"சொல்ல மாட்டேன் மாமா."

பென்சில் அப்படியே நின்றது. அந்தக் குடும்பத்தில் அவரிடம் சாவி இல்லாத முதல் பூட்டு அது.

கண்ணாடிக்காரன் குப்பைத்தொட்டியைத் திறந்தான். ஒரே ஒரு பொருள். மூன்று எட்டு. இரண்டு நிமிடம் பதினாலு வினாடி. 'திரும்ப வைக்கவா?' வைத்தான். முப்பத்தாறு.

"போடாதீங்க அத்தான்." சின்னவள் எழுந்தாள். "நானே சொல்லிடறேன்."

"சொல்லு."

"அக்கா கடைக்குத்தான் முதல்ல கூப்பிட்டா. நான்தான் எடுத்தேன். நெஞ்சை அடைக்குதுடின்னா. கம்பி மாட்டறேன்னு நாளெல்லாம் கையைத் தூக்கிட்டே நின்னா அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் படுன்னேன். கடையில ஆள் நிக்கிறாங்க, அத்தானைக் கூப்பிடுன்னேன்." நிறுத்தினாள். "அவர் உள்ள இருப்பார், எடுக்க மாட்டார்னு அவ சொன்னா. எடுக்கற வரைக்கும் கூப்பிடுன்னு நான்தான் சொன்னேன்."

எடுக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஏழு முறை கூப்பிட்டிருக்கிறாள். தங்கை சொன்னபடி.

கண்ணாடிக்காரன் தனக்குக் கோபம் வரும் என்று பார்த்தான். வரவில்லை. காதுக்குள் லென்ஸ் தேய்க்கும் அறையின் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது.

"எட்டு மாசம்," என்றான். "தினமும் எதிர்ல உக்கார்ந்து கேட்டுட்டுத்தானே இருந்தே? அவர் என்னைச் சொன்னதையெல்லாம்."

"நான் சொல்லியிருந்தா அப்பா என்னை வீட்டை விட்டே..."

"இப்ப மட்டும் சும்மா விட்டுடுவேனா?" பூட்டுக்காரர் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. "கூடப் பிறந்தவ மூச்சு முட்டுதுன்னு கூப்பிட்டிருக்கா. கடையில ஆள் நிக்குதாம் உனக்கு! நான் பாட்டுக்கு இந்த மனுஷனை எட்டு மாசமா... நான் இங்கதானேடி இருந்தேன்? ஒரு குரல் கொடுத்திருந்தா நான் ஓடியிருக்க மாட்டேனா?"

சின்னவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் கண்ணில் பயம் இல்லை. அதைவிட மோசமாக, பரிதாபம் இருந்தது.

கண்ணாடிக்காரன் அதைக் கவனித்தான். அவள் இதுவரை சொன்னது அரை நிமிடப் பேச்சுக்குத்தான் வரும்.

"மீதி என்ன?" என்றான். "ரெண்டு நிமிஷம் பதினாலு வினாடி இருக்கு. மீதியில என்ன?"

"வேண்டாம் அத்தான். நீங்க வேணா வீட்டுக்குப் போய்த் தனியாக் கேளுங்க. இங்க வேண்டாம்."

"இங்கயே போடுங்க மாப்பிள்ளை," என்றார் பூட்டுக்காரர். "என் பொண்ணு என்ன பேசினான்னு எனக்கும் தெரியணும்."

"அப்பா." சின்னவள் கல்லாவைச் சுற்றி வந்து அவர் கையைப் பிடித்தாள். "அதுல உங்க குரலும் இருக்குப்பா."

"என் குரலா?"

புதுக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. மகளைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார்.

"நான் என்னம்மா பேசினேன்?"

நடிக்கவில்லை. உண்மையாகவே கேட்டார். ஏழு அழைப்பையும் நிமிடக் கணக்கில் சொல்லத் தெரிந்தவருக்கு, அன்று தன் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை.

சின்னவள் அவர் கையை விட்டாள். கண்ணாடிக்காரன் போனைக் கல்லாமேல் வைத்தான். அதை அழுத்த அவன் விரல் வரவில்லை. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசியில் நீண்டது பித்தளைத் தூள் அப்பிய விரல்தான். இப்போது அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சரியான இடத்தில் அழுத்தினார்.

முதலில் வந்தது அவள் குரல் இல்லை. அவருடைய சாவி வெட்டும் மெஷினின் சத்தம்.